பொங்கும் கல்லும் பேசாத கல்லும்

எட்டாம் வகுப்பில் எங்கள் விஞ்ஞான ஆசிரியர் ஒருநாள் மேசையில் இரண்டு கற்களை வைத்தார். ஒன்று வவுனியாப் பக்கம் கல்லுடைக்கிற இடத்தில் எடுத்த கருங்கல். மற்றது பூநகரியில் கிணறு வெட்டியபோது வெளியே வந்த வெளிறிய கல். இரண்டின் மேலும் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் ஒவ்வொரு துளி விட்டார். கருங்கல்லின் மேல் விழுந்த துளி மழைத்துளி மாதிரி அப்படியே நின்றது. வெளிறிய கல் சீறியது. காதைக் கிட்டக் கொண்டுபோனால் சோடாப் போத்தலைத் திறந்த சத்தம். ஒரு நிமிடத்தில் நுரை அடங்கியபோது கல்லில் நகக்கண் அளவுக்கு ஒரு சின்னக் குழி தெரிந்தது.

அப்புறம் அவர் கரும்பலகையில் இலங்கையின் வடக்கே இருக்கிற எங்கள் வன்னியின் படத்தைக் கீறி, நடுவே சாய்வாக ஒரு கோடு இழுத்தார். பொங்கின கல் கோட்டுக்கு அங்கால், பொங்காத கல் இங்கால் என்றார். அன்றைக்கு எங்களுக்கு நுரைதான் பெரிதாகத் தெரிந்தது, கோடு தெரியவில்லை. அந்தக் கோடு எங்கள் தண்ணீரையும் வயலையும் வீட்டுச் சுவரையும் எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்று எனக்கு விளங்கப் பல வருடங்கள் எடுத்தன. இந்தக் கட்டுரை அந்தக் கோட்டைப் பற்றியதுதான். ஆனால் முதலில் நுரையிலிருந்து தொடங்க வேண்டும்.

சுண்ணக்கல்லின் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. கல்சியம் ஒரு பங்காளி. ஒரு காபனும் மூன்று ஒட்சிசனும் சேர்ந்த காபனேற்றுக் கூட்டம் மற்றப் பங்காளி. அமிலத்தில் ஐதரசன் அயன்கள் தாராளமாக இருக்கும். அவை காபனேற்றைப் பிடித்துக்கொண்டால் காபனிக் அமிலம் உண்டாகிறது. அது கனநேரம் நிலைக்காது. தண்ணீராகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் உடைந்துவிடும். நுரை என்று நாம் பார்ப்பது அந்த வாயு வெளியேறுவதைத்தான். தனித்துப்போன கல்சியம், அமிலத்தில் இருந்த குளோரைட்டுடன் சேர்ந்து கல்சியம் குளோரைட்டாகக் கரைந்து தண்ணீருக்குள் மறைந்துவிடும். கல்லில் குழி விழுவதற்குக் காரணம் இதுதான்: திண்மமாக இருந்த கல்லில் ஒரு பகுதி காற்றோடும் இன்னொரு பகுதி தண்ணீரோடும் போய்விட்டது.

அளவைச் சொன்னால்தான் இதன் வலு விளங்கும். 100 கிராம் தூய கல்சியம் காபனேற்றை முழுவதும் அமிலத்தில் கரைத்தால் 44 கிராம் காபனீரொட்சைட்டு வெளிவரும். அறை வெப்பநிலையில் அது ஏறத்தாழ 24 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கல்லுக்குள் ஒரு பெரிய தண்ணீர்க் கானை நிரப்பும் அளவு வாயு பூட்டிக் கிடக்கிறது. முட்டைக்கோதும் பெரும்பாலும் இதே பொருள்தான். ஒரு முட்டையின் கோதை வினாகிரிக்குள் போட்டு வைத்தால் ஓரிரு நாளில் கோது காணாமல் போய் மெல்லிய சவ்வு மட்டும் மிஞ்சும். அதற்குள் ஒரு லீற்றருக்கு மேலான வாயு வெளியேறியிருக்கும்.

கருங்கல் ஏன் பேசாமல் இருந்தது? அதற்குள் காபனேற்று இல்லை. குவாட்சு, பெல்சுபார், கறுப்பு மைக்கா, சில இடங்களில் சிவந்த காணற்று. எல்லாம் சிலிக்கேற்றுகளும் சிலிக்காவும். சிலிக்கனும் ஒட்சிசனும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி, ஐதான அமிலம் ஒரு நிமிடத்தில் பிரிக்கக்கூடிய பிடி இல்லை. குவாட்சைக் கரைக்க வேண்டுமானால் ஐதரோபுளோரிக் அமிலம் வேண்டும். அது கண்ணாடியையே தின்னும். தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்புவரை பாதிக்கும். அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருந்தால் போதும், கிட்டப் போகத் தேவையில்லை.

சரி, கோட்டுக்கு வருவோம்.

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே வாருங்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். இந்தப் பக்கமெல்லாம் காட்டுக்குள்ளும் வயலோரத்திலும் யானை முதுகு மாதிரிக் கரும்பாறைகள் இடைக்கிடை தலைகாட்டும். இவை பூமிக்குள் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறைகள். அந்த உருமாற்றம் நடந்து ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இலங்கையின் அடிப்பாறைகளை நிலவியலாளர்கள் சில தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒன்றுக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் வன்னித் தொகுதி. நம் ஊரின் பெயர் இப்படி ஒரு பாறைக்குப் பெயராகி, உலக ஆய்வேடுகளில் அச்சாகி வருவதை இங்கே பலர் அறிவதில்லை. பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி என்று நான் நினைக்கிறேன்.

முறிகண்டி தாண்டிக் கிளிநொச்சி, பரந்தன் என்று வரவரப் பாறை தலைகாட்டுவது குறைந்து நின்றுவிடும். நிலம் தட்டையாகும். மேலே சிவந்த மண், மணல், களி. அவற்றுக்கு அடியில் இருப்பது வேறு உலகம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து தென்மேற்காகப் புத்தளம் நோக்கிச் சாய்வாக ஒரு கோடு இழுத்தால், அதற்கு வடமேற்கே பூநகரி, முழங்காவில், மன்னார்க் கரை, அப்பால் யாழ்ப்பாணக் குடாநாடு எல்லாம் சுண்ணக்கல்லின் மேல் இருக்கின்றன. மயோசீன் காலத்தில், அதாவது சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், இந்தப் பகுதியில் ஆழமில்லாத வெப்பக் கடல் கிடந்தது. அதில் வாழ்ந்து மடிந்த சிப்பி, சங்கு, பவளம் போன்றவற்றின் ஓடுகள் படிந்து இறுகியதுதான் இந்தக் கல். கிணற்று மண்ணில் கிடக்கிற துண்டைக் கழுவிப் பார்த்தால் சிலவேளை ஓட்டின் அச்சு அப்படியே தெரியும். கருங்கல்லில் எவ்வளவு தேடினாலும் அப்படி ஒன்று கிடைக்காது.

அந்தக் கோட்டைக் கத்தியால் வெட்டியது மாதிரி எடுக்கக் கூடாது. மேலே மண் மூடியிருப்பதால் இன்ன மைல்கல்லில் மாறுகிறது என்று கை காட்ட முடியாது. மன்னார்ப் பக்கம் சுண்ணக்கல்லுக்கு மேல் தடித்த களி கிடக்கிற இடங்களில் தண்ணீர் நிலத்தின் மேலேயும் நிற்கும். தெற்கிலும் உலர்ந்த மண்ணுக்குள் வெள்ளைச் சுண்ணக் கட்டிகள் அங்கங்கே அகப்படும். அமிலம் விட்டால் அவையும் பொங்கும். நிலத்தடித் தண்ணீர் கோடையில் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த கல்சியம் மண்ணுக்குள் காபனேற்றாகப் படிவதால் உண்டாகும் கட்டிகள் இவை. ஒரு கட்டி பொங்கியது என்பதற்காக அங்கே அடியில் சுண்ணக்கல் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது.

இந்த இடத்தில் சோதனையின் மற்ற ஏமாற்றுகளையும் சொல்லிவிடுகிறேன். கல்சியத்தோடு மகனீசியமும் சேர்ந்த காபனேற்றுக்குத் தொலமைட்டு என்று பெயர். அதுவும் காபனேற்றுத்தான், ஆனால் குளிர்ந்த ஐதான அமிலம் விட்டால் அநேகமாகச் சும்மா இருக்கும். கத்தி முனையால் சுரண்டித் தூளாக்கி, தூளின் மேல் விட்டால்தான் மெல்லக் குமிழ் வரும். தூளில் அமிலம் படுகிற பரப்பு பல மடங்கு கூடிவிடுவதே காரணம். மலைநாட்டுப் பளிங்குக்கல்லில் பெரும்பகுதி தொலமைட்டு வகை. அதனால் கண்டி, மாத்தளைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுவந்து அமிலம் விட்டுப் பார்த்து, பொங்கவில்லையே என்று கருங்கல் கூட்டத்தில் சேர்த்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. இரும்புக் காபனேற்று இன்னும் பிடிவாதம், சூடாக்கினால்தான் அசையும். வேறு சில கனிமங்கள் குமிழோடு கூழ்முட்டை நாற்றம் தரும். சில சல்பைட்டுக் கனிமங்களிலிருந்து வரும் ஐதரசன் சல்பைட்டு அது; நஞ்சு. மணம் பிடிபட்டவுடன் விலக வேண்டும்.

எந்த அமிலம் என்பதும் முக்கியம். வாகனப் பற்றரிக்குள் இருப்பது சல்பூரிக் அமிலம். அதைச் சுண்ணக்கல்லில் விட்டால் தொடக்கத்தில் பொங்கும், பிறகு நின்றுவிடும். உண்டாகிற கல்சியம் சல்பேற்று தண்ணீரில் இலகுவில் கரையாமல் கல்லின் மேல் தோலாகப் படிந்து, அமிலம் உள்ளே போகாமல் மறித்துவிடுகிறது. கல்லும் தீரவில்லை, அமிலமும் தீரவில்லை, எதிர்வினை மட்டும் நின்றுபோகும். இதைப் பார்த்து இந்தக் கல்லில் சுண்ணம் குறைவு என்று நினைப்பது பிழை. பற்றரி அமிலத்தில் இந்த விளையாட்டே வேண்டாம் என்பது அதைவிட முக்கியம்.

சுண்ணாம்பைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை நிறையாது. எங்கள் அம்மம்மாவிடம் ஒரு சின்னச் சுண்ணாம்புக் கரண்டகம் இருந்தது. வெற்றிலைக்குத் தடவுகிற ஈரச் சுண்ணாம்பில் தேசிக்காய்ப் புளி விட்டால் அநேகமாக நுரை வராது. ஆனால் கரண்டகத்தின் விளிம்பில் பல மாதமாகக் காய்ந்து கல்லாகிப் போயிருந்த சுண்ணாம்பைச் சுரண்டி அதே புளியை விட்டால் குமிழ் வரும். ஒரே சுண்ணாம்பு, ஒரே புளி. பிறகு ஏன் இப்படி?

சூளையில் சிப்பியையோ சுண்ணக்கல்லையோ போட்டு 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சுட்டால், அமிலம் செய்கிற வேலையை நெருப்பு செய்கிறது: காபனீரொட்சைட்டைக் கலைத்துவிடுகிறது. மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். அந்த நீறிய சுண்ணாம்பில் வாயு எதுவும் இல்லை. புளியோடு சேர்ந்து சத்தமில்லாமல் நடுநிலையாகிவிடும். ஆனால் காற்றுப் படப்பட அது காற்றில் இருக்கிற காபனீரொட்சைட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்சியம் காபனேற்று ஆகிறது. சூளையில் போன வாயு காற்று வழியாகத் திரும்பி வந்து கல்லாகிவிடுகிறது. பழைய கோயில் மதிலும் பழைய வீட்டுச் சாந்தும் இறுகியது இந்த வழியில்தான். மன்னாரின் அரிப்புக் கடற்கரையில், ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகை இடிந்து நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியது. கடல் நெருங்கி வந்து அதைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கடலில் விளைந்த முத்தும் கல்சியம் காபனேற்றுத்தான். முத்தை அமிலத்தில் சோதித்தால் காபனேற்று என்று உறுதியாகும், ஆனால் கையில் முத்து இருக்காது.

சீமெந்தும் இதே குடும்பம். 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய சுண்ணக்கல் அங்கேயே கிடைத்தது. ஆனால் சுண்ணக்கல் மட்டும் போதாது, களிமண்ணும் வேண்டும். அது வன்னியிலிருந்து, முருங்கனிலிருந்து, ரயிலில் போனது. பொங்கும் கல்லும் பொங்காத மண்ணும் ஒரே சூளையில் சேர்ந்தால்தான் சீமெந்து. ஆறிய சீமெந்துக்கும் அமிலம் ஆகாது. புது வீட்டில் டைல்ஸ் பதித்து முடிந்ததும் மேசன்மார் அசிட் விட்டுக் கழுவுவது, மேலே சிந்திக் காய்ந்த சீமெந்தைக் கரைக்கத்தான். அளவு மீறினால் டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சீமெந்தும் சேர்ந்து போய், அடுத்த மாரிக்கு அந்த வழியால் தண்ணீர் இறங்கும். பளிங்குக்கல் பதித்த தரையில் அந்த அசிட்டை விடவே கூடாது. தேசிக்காய் சிந்தினாலே மினுக்கம் போய்விடும். கருங்கல் பலகைக்கு அந்தப் பயம் இல்லை.

அமிலமே வன்னியில் செய்யப்பட்ட ஒரு காலம் இருந்தது. பரந்தனில் இருந்த இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பை எடுத்து, உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரித்தது. அந்த முறையில் ஐதரசனும் சேர்ந்து வரும். ஐதரசனையும் குளோரினையும் சேர்த்து எரித்துத் தண்ணீரில் கரைத்தால் ஐதரோக்குளோரிக் அமிலம். அங்கே அதுவும் தயாரானது. கடல் தண்ணீர் வெயிலில் காய்ந்து உப்பாகி, உப்பு அமிலமாகி, அந்த அமிலத்தால் பழைய கடலின் ஓட்டுக்கல்லைக் கரைக்க முடிந்த ஊர் இது. போர் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டது. அதில் வேலை பார்த்தவர்களின் கைப்பழக்கமும் அறிவும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கவலை.

இனிப் பேசாத கல்லுக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பில் எனக்கு விளங்காமல் போனது இந்தப் பகுதிதான். கருங்கல் அமிலத்தோடு எதிர்வினை ஆற்றவே ஆற்றாது என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அது ஒரு நிமிடக் கணக்கில் மட்டும் உண்மை.

மழைத் தண்ணீர் தூய தண்ணீர் இல்லை. காற்றிலிருக்கும் காபனீரொட்சைட்டு அதில் கரைவதால், எந்த மாசும் இல்லாத மழைக்குக்கூட அமிலத்தன்மை உண்டு. அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவில் ஏறத்தாழ 5.6; தூய தண்ணீருக்கு 7, எண் குறையக் குறைய அமிலம் கூடும். மண்ணுக்குள் இறங்கும்போது அமிலத்தன்மை இன்னும் கூடும். வேர்கள் மூச்சுவிடுவதாலும் இலைதழை மக்குவதாலும் மண்ணுக்குள் இருக்கிற காற்றில் அந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஆக ஒவ்வொரு மாரியும் வன்னி முழுவதற்கும் ஐதான காபனிக் அமிலத்தால் நீராட்டு நடக்கிறது. ஆசிரியர் ஒரு துளி விட்டார். வானம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக விட்டுக்கொண்டிருக்கிறது.

சுண்ணக்கல் அந்த அமிலத்தில் கரைந்து கல்சியம் இருகாபனேற்றாகத் தண்ணீரோடு போகிறது. கல்லுக்குள் வெடிப்பு அகன்று, துளையாகி, குகையாகிறது. யாழ்ப்பாணத்தின் நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்த குழிதான். கோட்டுக்கு வடமேற்கே மழைத் தண்ணீர் நிலத்தின் மேல் நில்லாமல் உள்ளே இறங்குவதற்கும், அங்கே வாழ்க்கை கிணற்றைச் சுற்றி அமைந்ததற்கும் இதுவே அடிப்படை.

கருங்கல்லில் அதே அமிலம் வேறு வேலை செய்கிறது. குவாட்சை அதால் ஒன்றும் செய்ய முடியாது. பெல்சுபாரை மெல்ல மெல்ல அரிக்கிறது. அதிலிருந்து பொட்டாசியம், சோடியம், கல்சியம் தண்ணீரில் கரைந்து போக, அலுமினியமும் சிலிக்காவும் தண்ணீரை ஏற்றுப் புதுக் கனிமமாக மாறி மிஞ்சுகின்றன. அந்த மிச்சத்துக்குப் பெயர் களிமண். நுரை இல்லை, சத்தம் இல்லை, ஆனால் இதுவும் அமில எதிர்வினைதான். தப்பிப் பிழைத்த குவாட்சு மணிகள் ஆற்றில் உருண்டு மணலாகின்றன. கனகராயன் ஆற்றில் அள்ளுகிற மணல் கருங்கல்லில் அமிலத்துக்கு மசியாத பகுதி; குளத்தடியில் படிகிற களி மசிந்த பகுதி.

அடியில் உடையாத கருங்கல், மேலே தண்ணீரை இறங்கவிடாத களி. தண்ணீர் நிலத்தின் மேல் நிற்கிறது. ஒரு பக்கம் அணை கட்டினால் குளம். பாவற்குளம், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று வன்னியின் தெற்கு முழுக்கக் குளம் குளமாகக் கிடப்பதும், காலபோகத்துக்கு வயலில் தண்ணீர் கட்டி நிற்பதும் இந்தச் சத்தமில்லாத எதிர்வினையின் பலன். நம் முன்னோருக்கு அமிலம் தெரியாது, ஆனால் எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே உறிஞ்சப்படும் என்பது தெரிந்திருந்தது. இரண்டு கல்லையும் அரிப்பது ஒரே அமிலம்தான், வேகம்தான் வேறு. அந்த வேக வித்தியாசம் ஒரு பக்கத்துக்குக் கிணற்றையும் மறுபக்கத்துக்குக் குளத்தையும் கொடுத்திருக்கிறது.

இதை வாசிக்கிற வவுனியா ஆட்கள் ஒன்று கேட்பார்கள்: எங்கள் கேத்தலிலும் வெள்ளையாகப் படிகிறதே, எங்களிடம் சுண்ணக்கல் இல்லையே? கேள்வி சரி. கருங்கல்லின் கனிமங்களிலிருந்து மெல்லக் கரைந்து வந்த கல்சியமும், கோடை ஆவியாதலால் செறிந்த உப்புகளும் அங்கேயும் தண்ணீரை வன்னீராக்கும். கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த கல்சியம் மறுபடி காபனேற்றாகக் கேத்தலின் அடியில் படிகிறது. எந்தக் கல்லிலிருந்து வந்த கல்சியமானாலும் படிவது ஒரே பொருள்தான். கொஞ்சம் வினாகிரியும் தண்ணீரும் விட்டு ஊறவைத்தால் குமிழ் வந்து கழன்றுவிடும். தேசிக்காயில் சிற்றிக் அமிலம், பழப்புளியில் தாத்தாரிக் அமிலம். அவையும் இதே வேலையைச் செய்யும்.

கருங்கல் பக்கத்தில் அதைவிடப் பெரிய கவலை புளோரைட்டு. மைக்கா, அப்பத்தைட்டு போன்ற கனிமங்களிலிருந்து அது கிணற்றுத் தண்ணீரில் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. வவுனியா மாவட்டத்தில் அதைத் தாண்டும் கிணறுகள் உண்டு. சுண்ணக்கல் பக்கத்தில் தண்ணீரில் கல்சியம் தாராளமாக இருப்பதால் புளோரைட்டு அதோடு சேர்ந்து படிந்துவிட, பொதுவாக அளவு குறைகிறது. பல்லும் ஒரு கனிமம்தான், அப்பத்தைட்டு வகை. வாயில் பிஎச் 5.5க்குக் கீழே போனால் பற்சிப்பி கரையத் தொடங்கும். சிறிதளவு புளோரைட்டு சேர்ந்த பற்சிப்பி 4.5 வரை தாக்குப்பிடிக்கும். பற்பசையில் அதைச் சேர்ப்பது இதனால்தான். ஆனால் பல் முளைக்கிற வயதில் குடிதண்ணீரில் அளவு மிஞ்சினால் பல்லில் மண்ணிறக் கறை விழும், இன்னும் மிஞ்சினால் எலும்பையும் பாதிக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கறைப் பல்லை மறைத்துக் கையால் வாயைப் பொத்திச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பல் விளக்காததால் வந்த கறை என்று அவர்களைத் திட்டுவது அநியாயம்.

அமிலத்தின் பெரும் பலத்தைத் தொழிற்சாலைகளில் பார்க்கலாம். முல்லைத்தீவின் தென் எல்லையில் கொக்கிளாய், அதற்குக் கீழே புல்மோட்டை. அந்தக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைட்டு பெரும்பகுதி. உரூத்தைல், சேர்க்கன் கொஞ்சம். ஐதான அமிலம் விட்டால் அந்த மணலில் சிப்பித்தூள் மட்டும் பொங்கி அடங்கும், கறுப்பு மணி அசையாது. ஆனால் செறிந்த சல்பூரிக் அமிலத்தில் சூடாக்கினால் இல்மனைட்டும் கரையும். அதிலிருந்துதான் வெள்ளைப் பெயின்றுக்கான தைத்தானியம் ஈரொட்சைட்டு எடுக்கிறார்கள். நாம் மணலாக ஏற்றுமதி செய்துவிட்டு, பெயின்றாக வாங்குகிறோம். அநுராதபுரத்து எப்பாவளையில் கிடைக்கிற பொஸ்பேற்றுக் கல்லான அப்பத்தைட்டும் அப்படித்தான். அரைத்த தூள் தண்ணீரில் மிக மெல்லக் கரைவதால் தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிருக்குத்தான் உதவுகிறது. மூன்று நான்கு மாத நெல்லுக்கு உடனே கரையும் பொஸ்பேற்று வேண்டும். அதற்கு அந்தக் கல்லை அமிலத்தால் பக்குவப்படுத்த வேண்டும்.

வீட்டில் கல்லைச் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு என் புத்திமதி: வினாகிரி போதும். அதில் அசற்றிக் அமிலம் ஏறத்தாழ 5 வீதம்தான், அதனால் நுரை பெரிதாக வராது. கல்லைச் சுரண்டித் தூளாக்கி, வெளிச்சத்தில் கிட்டப் பாருங்கள். சின்னச் சின்னக் குமிழ் தெரியும். நிலவியலாளர் பயன்படுத்துவது 10 வீதம் அளவான ஐதரோக்குளோரிக் அமிலம். கடையில் கழிப்பறை கழுவ விற்கிற அசிட் அதைவிடச் செறிவு கூடியதாக இருக்கலாம், அதை நேரே எடுக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஐதாக்க வேண்டி வந்தால் தண்ணீருக்குள் அமிலத்தை விட வேண்டும், அமிலத்துக்குள் தண்ணீரை விடக் கூடாது. கிணறு இறைத்துக் குளோரின் போடும் தூளும் அசிட்டும் ஒருபோதும் ஒன்றாகச் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடின கழிப்பறைக்குள் அது ஆளைக் கொல்லும்.

கோடு எங்கே என்று அறிய ஆசைப்படுகிறவர்களுக்கு மேலே பார்த்துப் பயனில்லை என்று சொன்னேன். குழாய்க்கிணறு துளைக்கிற இடத்துக்குப் போக வேண்டும். கிளிநொச்சியைச் சுற்றி இப்போது அடிக்கடி துளைக்கிறார்கள். துளையிலிருந்து வருகிற தூளையும் சேற்றையும் ஒவ்வொரு சில அடிக்கும் தனித்தனியாக ஒரு சிரட்டையில் எடுத்து வைத்து, காயவிட்டு, வினாகிரி விட்டுப் பாருங்கள். முதலில் சிவந்த மண் பேசாமல் கிடக்கும். மணலும் அப்படியே. அடியில் சுண்ணக்கல் இருந்தால் அப்புறம் ஒரு சிரட்டை பொங்கும். அந்த ஆழத்தைக் குறித்து வையுங்கள்.

பொங்கினால் உங்கள் தண்ணீர் வெடிப்புக்கும் குழிக்கும் ஊடாக ஓடி வருகிறது. அந்த வழியில் மண் வடிகட்டுவது மாதிரிச் சுண்ணக்கல் வடிகட்டாது. மலக்குழியிலிருந்து இறங்குவதும் தோட்டத்துக்குப் போட்ட யூரியாவில் மிஞ்சுவதும் அதே வழியால் கிணற்றுக்கு வந்துவிடும். கிணற்றையும் மலக்குழியையும் காணியின் இரண்டு அந்தங்களில் வையுங்கள். பக்கத்துக் காணியில் குழி எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். கடல் கிட்ட என்றால் பெரிய மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைக்க வேண்டாம், உவர் ஏறிவிடும். கடைசிச் சிரட்டைவரை பொங்காமல் கருங்கல் தூள் வந்தால் தண்ணீர் வெடிப்பு அகப்படுகிற இடத்தில் மட்டும்தான் கிடைக்கும். கிடைத்தால் குடிக்கத் தொடங்குமுன் ஒரு போத்தல் பிடித்துக்கொண்டு போய்ப் புளோரைட்டு அளவு பார்ப்பியுங்கள்.